அரபி எழுத்துள்ள பழைய காசு: எந்த நாடு, எந்த ஆண்டு என்று கண்டுபிடிப்பது எப்படி?

மதுரைப் பக்கம் பழைய வீடுகளில் பரணை ஒழித்தாலோ, பெரியவர்கள் காலமான பிறகு அவர்களுடைய பீரோவைத் திறந்தாலோ, ஒரு சுருக்குப் பை நிறையவோ ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையவோ பழைய காசு கிடைப்பது வழக்கம்தான். ஓட்டைக் காலணா, ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ரூபாய், சிலோன் சதம், மலேயா சென்ட் எல்லாம் பார்த்ததும் தெரிந்துவிடும். ஆண்டும் நமக்குப் பழகிய எண்ணிலேயே இருக்கும். அவற்றுக்கு நடுவே அரபி எழுத்து மட்டும் உள்ள நாலைந்து காசு கிடக்கும். அங்கேதான் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள்.

இந்தக் காசுகள் நம் பக்கம் வந்து சேர்ந்த வழிகள் பல. 1970களிலிருந்து மேலூரிலும் ராமநாதபுரத்திலும் கீழக்கரையிலும் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு குறைவு. அதற்கு முன்பே ஹஜ் பயணம் போனவர்கள் பம்பாயில் கப்பலேறி ஜித்தாவுக்குப் போய்வந்தார்கள். அந்தக் கப்பல் பயணம் 1995 வரை நடந்தது. முதல் உலகப் போரில் இந்தியப் படைகள் 1914இல் பாஸ்ராவிலும் 1917இல் பாக்தாத்திலும் நுழைந்தன. அங்கே போய்த் திரும்பிய சிப்பாய்களின் பையிலும் காசு வந்தது. தூத்துக்குடித் தோணிகள் மாலத்தீவுக்குப் போய்வந்தன. இதெல்லாம் போக, நம் ஊரிலேயே புழங்கிய ஆற்காட்டு ரூபாயும் திப்பு காசும் உண்டு. வெளிநாட்டுக் காசு என்று நினைத்து எடுத்தால் அது திண்டுக்கல்லில் செலவான காசாக இருக்கலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: நாடு தெரியாமல் ஆண்டைக் கணக்குப் போடாதீர்கள். அரபி எழுத்து இருந்தால் எல்லாமே ஒரே நாள்காட்டி என்று நினைத்துக்கொண்டு, இணையத்தில் ஆண்டை மாற்றித் தரும் பக்கத்தில் எண்ணைப் போட்டு, வந்த விடையை அப்படியே எழுதி வைத்துவிடுகிறார்கள். ஒரு காசில் 1352 என்று இருக்கிறது என்று வையுங்கள். அது அரபு நாட்டுக் காசு என்றால் 1933. ஈரான் காசு என்றால் 1973. நாற்பது வருஷம் தப்பிப் போகும். கொண்டுவந்தது கொள்ளுத்தாத்தாவா, பெரியப்பாவா என்பதே மாறிவிடும்.

தேய்க்காதீர்கள்

கையில் எடுத்ததும் புளி போட்டுத் தேய்க்கத் தோன்றும். எலுமிச்சை, விபூதி, பாத்திரம் தேய்க்கும் பவுடர் எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்கு அது சரி. காசின் மேல் படிந்த கறுப்பும் பழுப்பும் அதன் மேல்பரப்போடு சேர்ந்தவை. தேய்த்தால் அவற்றோடு எழுத்தின் விளிம்பும் போகும். சேகரிப்பவர்கள் மதிக்கும் மதிப்பும் போகும். மண் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் ஊற வைத்து, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். துடைக்கக்கூட வேண்டாம், ஒற்றினால் போதும்.

தேவையான பொருள்கள் அதிகமில்லை. ஒரு கைலென்ஸ், செல்போன் டார்ச், மில்லிமீட்டர் உள்ள ஸ்கேல், ஒரு சின்னக் காந்தம், ஒரு நோட்டு. எடை போட, நகை எடை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் நல்லது. இல்லையென்றால் தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் பழக்கமான நகைக்கடையில் கேட்டுப் பாருங்கள்.

தேய்ந்த எழுத்தைப் படிக்க டார்ச்சை நேராக அடிக்காதீர்கள். அறையை இருட்டாக்கிவிட்டு, காசை மேசையில் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் தாழ்வாக விழும்படி போனைச் சாய்த்துப் பிடியுங்கள். காசை மெல்லச் சுற்றிக்கொண்டே வாருங்கள். ஒரு கோணத்தில் காணாத கோடு இன்னொரு கோணத்தில் நிழலோடு எழுந்து நிற்கும். அந்தக் கோணத்திலேயே படம் எடுத்துவிடுங்கள். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது காசைப் பார்ப்பதைவிடச் சுலபம்.

பத்து எண்களையும் பழகுங்கள்

அரபி எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். ஆனால் எண்கள் நம் எண்கள் மாதிரி இடமிருந்து வலமாகத்தான் படிக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

1 என்பது வெறும் நேர்கோடு. 2 என்பது அதே கோட்டின் தலையில் வலப்பக்கம் திரும்பிய ஒரு வளைவு. 3 என்பது அந்தத் தலையில் இன்னொரு பல் கூடியது. 4 நம் 3ஐக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடவலம் மாறியிருக்கும். 5 ஒரு வட்டம், நம் பூஜ்யம் போல. 6 நம் 7 போல. 7 கீழே கூர்முனை உள்ள இரண்டு சாய்கோடுகள். 8 அதே இரண்டு கோடுகள், கூர்முனை மேலே. 9 நம் 9தான். பூஜ்யம் ஒரு புள்ளி.

ஈரான், ஆப்கானிஸ்தான் காசுகளிலும் நம் நாட்டு நவாப், நிஜாம் காசுகளிலும் 4, 5, 6 மூன்றும் சற்று வேறு வடிவில் வரும். 5 அங்கே தலைகீழ் இதயம் மாதிரி இருக்கும். 4ஐப் பார்த்தால் 2க்கோ 3க்கோ கொம்பு முளைத்த மாதிரி தெரியும். இந்த வடிவம் கண்ணில் பட்டால் அதுவே நாட்டைப் பற்றிய முதல் துப்பு.

எங்கே தப்பு வரும் என்று சொல்கிறேன். வட்டத்தைப் பார்த்ததும் கை தானாகப் பூஜ்யம் என்று எழுதும், அது 5. 7 போல இருப்பதை 7 என்று எழுதுவீர்கள், அது 6. புள்ளிப் பூஜ்யம் தேய்ந்துபோய் அழுக்குத் துகள் மாதிரி நிற்கும்; கண்ணில் படாமல் நான்கு இலக்க ஆண்டு மூன்று இலக்கமாகிவிடும். 3இன் இரண்டாவது பல் தேய்ந்தால் 2 ஆகிவிடும். 1392, 1393 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்த காசுகளுக்கு இது பெரிய தொல்லை. எல்லாவற்றையும்விட மோசமானது காசைத் தலைகீழாகப் பிடிப்பது. அப்போது 7 எட்டாகும், 8 ஏழாகும்.

தலைகீழா நேரா என்று பார்க்க எளிய வழி உண்டு. நம் கையில் கிடைக்கும் காசுகளில் பெரும்பாலும் ஆண்டு 11, 12, 13, 14 என்றுதான் தொடங்கும். ஆகவே இடது ஓரத்தில் நேர்கோடு இருக்க வேண்டும். கோடு வலது ஓரத்தில் நின்றால் காசைத் திருப்புங்கள். இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு, திப்பு காசு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

எண்களைப் பழக ஆசிரியர் தேவையில்லை. இரண்டு ஆண்டும் பொறித்த காசு ஒன்று கிடைத்தால் அதுவே பாடம் சொல்லும். ஐக்கிய அரபு அமீரகத்தின் முதல் காசுகளில் 1393, 1973 என்ற இரண்டு ஆண்டும் அரபி எண்களிலேயே இருக்கும். பஹ்ரைனின் முதல் காசுகளில் 1385, 1965. குவைத்தில் 1382, 1962 போல. லென்ஸை வைத்து 1973ஐப் பாருங்கள். கோடு, 9, கீழ்க்கூர்மை, பல் உள்ள 3. பக்கத்தில் உள்ள 1393இல் அதே கோடு, அதே 3, அதே 9, மறுபடி 3. அமீரகம், பஹ்ரைன், குவைத் காசுகள் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தால் 4ம் பூஜ்யமும் தவிர மற்ற எட்டும் ஒரே மாலையில் பழகிவிடும்.

நாடு எது?

எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் படம் சொல்லிவிடும். குறுக்கே வைத்த இரண்டு வாளும் மேலே பேரீச்ச மரமும் இருந்தால் சவூதி அரேபியா. பாய்மரக் கப்பல் தனியாக இருந்தால் குவைத். கப்பலோடு பேரீச்ச மரமும் இருந்தால் கத்தார். பேரீச்ச மரம் மட்டும் என்றால் பஹ்ரைன் என்று சந்தேகப்படலாம். வளைந்த குறுவாள் இடுப்புப் பட்டையோடு, பின்னால் குறுக்கு வாள்களோடு இருந்தால் ஓமன். காப்பி ஜாடி, அதுவும் மூக்கு நீண்ட அரபு ஜாடி இருந்தால் அமீரகத்தின் ஒரு திர்ஹம். மான் இருந்தால் அதே நாட்டின் 25 ஃபில்ஸ். இதே மான் 1966இல் கத்தாரும் துபாயும் சேர்ந்து வெளியிட்ட காசிலும் உண்டு, எனவே ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள். அமீரகத்தின் ஒரு திர்ஹம் 1995இல் அளவு சுருங்கியது. 50 ஃபில்ஸ் அதே ஆண்டில் வட்டத்திலிருந்து ஏழு பக்கத்துக்கு மாறியது.

சிங்கம் வாள் ஏந்தி நிற்க, முதுகுக்குப் பின்னால் சூரியன் எழுந்தால் ஈரான். 1979 புரட்சிக்கு முந்தியது. படமே இல்லாமல், நீண்ட மூன்று கோடுகள் மேலே எழும்பி, இடப்பக்கம் இரண்டு பெரிய வளையங்கள் சுற்றிய ஒரு சிக்கலான கையெழுத்து இருந்தால் அது துக்ரா. துருக்கி உதுமானிய சுல்தானின் முத்திரைக் கையெழுத்து. துருக்கி, இராக், எகிப்து, மக்காவும் மதீனாவும் உள்ள ஹிஜாஸ் எல்லாம் அவர்கள் ஆட்சியில் இருந்தபோது புழங்கியது.

சார்மினார் கோபுரம் இருந்தால் வளைகுடா என்று நினைத்துவிடாதீர்கள், அது நம் ஐதராபாத் நிஜாம் காசு. கோபுரத்தின் வாசலுக்குள் லென்ஸை வைத்துப் பாருங்கள், ஓர் அரபி எழுத்து இருக்கும். ஐன் என்ற எழுத்து இருந்தால் உஸ்மான் அலி கான், மீம் இருந்தால் அவருடைய தந்தை மஹபூப் அலி கான். கோபுரத்துக்கு இவ்வளவு சின்ன வாசல், அதற்குள் ஓர் எழுத்து. இதைப் பார்க்கும்போதெல்லாம் அச்சு வெட்டிய ஆசாரியின் கை மீது எனக்கு மரியாதை கூடிவிடுகிறது.

மலேயா போய்வந்த குடும்பங்களில் சேவல் போட்ட செப்புக் காசு கிடைக்கலாம். பின்பக்கம் 1247 என்று இருக்கும். அது சிங்கப்பூர் வியாபாரிகள் இங்கிலாந்தில் அடிக்க வைத்துப் புழங்கவிட்ட காசு. நட்சத்திரம் போட்ட 1304 செப்புக் காசு புருனே. மாலத்தீவின் 1331 காசு இன்னொரு வகை. பிறையும் நட்சத்திரமும் கண்டு ஹிஜ்ரி, அதாவது முஸ்லிம் ஆண்டுக் கணக்குப் போட உட்காராதீர்கள், பாகிஸ்தான் காசில் ஆங்கில ஆண்டுதான் வரும்.

படம் கைகொடுக்காவிட்டால் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவரிடம் போங்கள். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. காஜிமார் தெருவிலோ கோரிப்பாளையத்திலோ அரபி மதரசாவில் ஓதிக்கொடுக்கும் பெரியவர் ஒருவரிடம், “பாய், இதில் ஊர் பெயரும் எண்ணும் மட்டும் படித்துச் சொல்லுங்கள்” என்று கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள். காசையே கொண்டுபோவதைவிட, பெரிதாக்கிய படத்தைக் காட்டுவது அவர்கள் கண்ணுக்கும் நல்லது. செல்போனில் கூகுள் லென்ஸ் புதிய காசுகளுக்கு நன்றாகவே உதவும். துக்ராவையும் தேய்ந்த காசையும் அது அடிக்கடி தவறாகச் சொல்லும். அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

இனி ஆண்டுக் கணக்கு

ஹிஜ்ரி ஆண்டு கி.பி. 622இல் தொடங்கியது. முழுக்க நிலாக் கணக்கு. ஓர் ஆண்டுக்கு 354 நாள், சில ஆண்டுகளில் 355. நம் ஊர் தெலுங்குக் குடும்பங்கள் யுகாதி கொண்டாடும் நாள்காட்டியும் நிலாக் கணக்குதான், ஆனால் அதில் அவ்வப்போது அதிக மாசம் சேர்த்துச் சூரியனோடு சரிசெய்துவிடுவார்கள். ஹிஜ்ரியில் அதிக மாசம் கிடையாது. அதனால்தான் ரம்ஜான் வருஷா வருஷம் பத்துப் பதினொரு நாள் முன்னால் வருகிறது. சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டரைக் கிழிக்கும்போது பாருங்கள், பலவற்றில் தமிழ்த் தேதிக்குப் பக்கத்தில் முஸ்லிம் மாதமும் தேதியும் இருக்கும். அந்தப் பதினொரு நாள் சேர்ந்து சேர்ந்து, 33 ஹிஜ்ரி ஆண்டு போனால் 32 ஆங்கில ஆண்டு போயிருக்கும். ஆகவே வெறுமனே 622 கூட்டினால் விடை வராது.

மனக்கணக்கு இதுதான்: ஹிஜ்ரி ஆண்டில் நூற்றுக்கு மூன்று கழியுங்கள், 622 கூட்டுங்கள். சவூதி காசு ஒன்றில் 1392 என்று படித்தீர்கள். அதில் நூற்றுக்கு மூன்று ஏறத்தாழ 42. கழித்தால் 1350. 622 கூட்டினால் 1972. இன்னொன்றில் 1376. கழிக்க வேண்டியது 41. மிச்சம் 1335. கூட்டினால் 1957. இங்கே ஒரு வருஷம் முன்னே பின்னே ஆகலாம் என்பதை மறக்காதீர்கள். ஹிஜ்ரி ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. 1376 பிறந்தது 1956 ஆகஸ்ட்டில், முடிந்தது 1957இல். எனவே நோட்டில் 1956-57 என்று எழுதுவதுதான் முறை. ஹிஜ்ரி 1400 பிறந்தது 1979 நவம்பரில். இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கணக்கில் பெரிய பிழை வந்தால் உடனே தெரிந்துவிடும்.

விடையைச் சரிபார்க்காமல் விடாதீர்கள். சவூதி காசில் மன்னர் பெயர் இருக்கும். ஃபைசல் 1964 முதல் 1975 வரை, காலித் 1982 வரை, ஃபஹத் 2005 வரை. 1392 என்று படித்த காசில் ஃபைசல் பெயர் இருந்தால் சரி. ஃபஹத் என்று இருந்தால் எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள், மறுபடி டார்ச்சை எடுங்கள். பெயர் படிக்கத் தெரியவில்லை என்றால், அதே எண் உள்ள காசின் படத்தை நூமிஸ்டா போன்ற நாணயத் தளத்தில் எடுத்துப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடலாம்.

ஈரானும் ஆப்கானிஸ்தானும் தனி வழி. ஈரான் 1925இல் சூரியக் கணக்குக்கு மாறியது. தொடக்கம் அதே 622தான், நபிகள் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போன ஹிஜ்ரத் நிகழ்வு, ஆனால் ஆண்டு நம் ஆண்டு அளவே நீளம், மார்ச்சில் பிறக்கும். இங்கே நூற்றுக்கு மூன்று கழிக்கக் கூடாது. 621 கூட்டினால் போதும். 1352 இப்படித்தான் 1973 ஆகிறது. ஆப்கானிஸ்தானின் 1352 காசும் இதே கணக்குதான். ஈரான் காசிலேயே 2535, 2536, 2537 என்று வந்தால் திகைக்க வேண்டாம். கடைசி ஷா, பழைய பாரசீகப் பேரரசிலிருந்து ஆண்டை எண்ணச் சொன்ன காலம் அது. 559 கழியுங்கள். 1976, 1977, 1978.

இன்னொரு பொறி மொராக்கோ. அங்கே ஹிஜ்ரி ஆண்டை நமக்குப் பழகிய எண்களிலேயே 1371 என்று பொறித்த காசு உண்டு. அறுநூறு வருஷப் பழசு என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அது 1951.

ஒரு காசில் இரண்டு எண்

துக்ரா உள்ள உதுமானியக் காசில் ஆண்டு நேராகக் கிடைக்காது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு நிக்கல் காசு. ஒரு பக்கம் துக்ரா. எங்கோ ஓரிடத்தில் 1327 என்று தெளிவாக இருக்கிறது. கணக்குப் போட்டால் 1909. ஆனால் இன்னொரு இடத்தில் தனியாக 4 என்ற எண். பலர் இதைக் காசின் மதிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. 1327 என்பது சுல்தான் முகமது ரெஷாத் பட்டத்துக்கு வந்த ஆண்டு. அவர் ஆட்சி முழுக்க அடித்த காசிலெல்லாம் அந்த 1327 மாறாமல் நிற்கும். தனியாக நிற்கும் 4 ஆட்சியின் நான்காவது ஆண்டு. 1327ஓடு 4ஐக் கூட்டி ஒன்றைக் கழித்தால் 1330. இதைத்தான் ஆங்கில ஆண்டாக்க வேண்டும்: 1912. ஒன்றைக் கழிப்பது ஏன் என்றால், பட்டத்துக்கு வந்த ஆண்டே முதல் ஆண்டு.

பட்ட ஆண்டுகள் சிலவே, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1255 அப்துல் மஜீத், 1277 அப்துல் அஜீஸ், 1293 இரண்டாம் அப்துல் ஹமீத், 1327 முகமது ரெஷாத், 1336 கடைசி சுல்தான். அப்துல் ஹமீத் நெடுங்காலம் ஆண்டவர். 1293ஓடு 33 என்ற எண் இருந்தால் 1325, அதாவது 1907. 1876 என்று எழுதியிருந்தால் முப்பது வருஷத்துக்கு மேல் தப்பு.

ஆண்டு ஓரிடத்தில் நின்றுபோன காசுகள்

இது நம் பக்கத்தில் அதிகம் கிடைப்பதால் சொல்கிறேன். ஆற்காட்டு ரூபாயில் 1172 என்று இருக்கும், ஆட்சி ஆண்டு 6 என்று இருக்கும். கணக்குப் போட்டால் 1758-59. ஆனால் விளிம்பு சீராக, இயந்திரத்தில் அடித்த மாதிரி இருந்தால் அது கிழக்கிந்தியக் கம்பெனி 1807க்குப் பிறகு சென்னையில் அடித்தது. மக்களுக்குப் பழகிய ரூபாய் என்பதால் கம்பெனிக்காரர்கள் பழைய பாதுஷாவின் பெயரையும் ஆண்டையும் மாற்றாமல் அப்படியே அடித்துக்கொண்டிருந்தார்கள். வங்காள ரூபாயில் ஆட்சி ஆண்டு 19 நின்றுபோனதும் இதே கதைதான். ஆக, இந்தக் காசுகளில் எண்ணைவிட அடித்த விதமே காலத்தைச் சொல்லும். கையால் சுத்தியலால் அடித்த காசு தடிப்பாக, கோணலாக, எழுத்து பாதி வெளியே போனதாக இருக்கும்.

செங்கடல் பக்கம் போனவர்கள் கொண்டுவந்த பெரிய வெள்ளிக் காசு ஒன்று உண்டு. ஒரு அம்மாளின் தலை, கீழே 1780. ஆஸ்திரிய அரசி மரியா தெரசா. அரபு நாடுகளிலும் எத்தியோப்பியாவிலும் நெடுங்காலம் செல்லுபடியானது. அந்த 1780ஐ மாற்றாமல் இருபதாம் நூற்றாண்டிலும் அடித்தார்கள். எடை 28 கிராமுக்குச் சற்றுக் கூட.

திப்பு காசு

யானை போட்ட செப்புக் காசு திண்டுக்கல், பழனி பக்கத்து வீடுகளில் கிடைத்தால் ஆச்சரியமில்லை. 1792 உடன்படிக்கையில் கைவிடும்வரை திண்டுக்கல் சீமை மைசூரின் கையில் இருந்தது. திப்பு சுல்தான் ஆட்சியின் ஐந்தாம் ஆண்டில் இரண்டு மாற்றம் செய்தார். ஹிஜ்ரியை விட்டு, மௌலூதி என்ற புதிய ஆண்டுக் கணக்கைக் கொண்டுவந்தார். அதோடு எண்களையும் வலமிருந்து இடமாக எழுத வைத்தார். ஆகவே அவருடைய 1225ஐ நீங்கள் வழக்கம்போலப் படித்தால் 5221 என்று வரும். முன்னே சொன்ன விதிவிலக்கு இதுதான்: கோடு வலது ஓரத்தில் இருந்தாலும் யானை நேராக நின்றால் காசைத் திருப்ப வேண்டாம். மௌலூதி ஆண்டோடு ஏறத்தாழ 572 கூட்டினால் ஆங்கில ஆண்டு. 1225 என்றால் 1797. நம் கைக்கு வரும் காசுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஓர் அரசர் நாள்காட்டியையும் எண் எழுதும் திசையையும் ஒரே சமயத்தில் மாற்றிய துணிச்சல் அந்தச் சின்னச் செம்பில் அப்படியே இருக்கிறது.

மதுரையையே 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட மாபார் சுல்தான்களின் சிறு காசுகளிலும் ஹிஜ்ரி உண்டு. அவற்றில் ஆண்டு மூன்று இலக்கம், 7இல் தொடங்கும். உலகம் சுற்றிய பயணி இப்னு பதூதா மதுரைக்கு வந்தது அந்தச் சுல்தான்கள் காலத்தில்தான். அப்படி ஒன்று கிடைத்ததாகத் தோன்றினால் நீங்களே முடிவுகட்ட வேண்டாம். காந்தி மியூசியம் வளாகத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

எடையும் உலோகமும்

ஆண்டு தெரிந்த பிறகு எடை அதை உறுதிசெய்யும். சவூதியின் பழைய வெள்ளி ரியால் நல்ல உதாரணம். 1346, 1348 ஆண்டுகளின் ரியால் 24 கிராம் எடை உள்ள பெரிய காசு. 1354இல், அதாவது 1935இல், வந்த ரியால் 11.6 கிராம்தான். காரணம், அந்தப் பக்கம் செல்வாக்காக இருந்த இந்திய ரூபாயின் எடைக்கும் அளவுக்கும் அதைக் கொண்டுவந்தார்கள். வெள்ளி ரூபாயும் இந்த ரியாலும் வீட்டில் இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பாருங்கள். வெள்ளியென்று நினைத்த காசு காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளி இல்லை. தங்க நிறத்தில் காது வைத்த அரபி எழுத்துக் காசு கிடைத்தால் முதலில் நகைப் பொருள் என்று சந்தேகப்படுங்கள். உதுமானியத் தங்கக் காசைப் பார்த்துச் செய்த போலிகள் காசுமாலைகளில் நிறைய.

இந்த ஆண்டு உங்கள் குடும்பத்துக்கு என்ன சொல்லும்

ஆண்டு நின்றுபோன காசுகளைத் தவிர, காசிலிருந்து கணக்கிட்ட ஆண்டு அது அடித்த ஆண்டு. தாத்தா அதைக் கையில் வாங்கிய ஆண்டு அல்ல. அதற்கு முன்னால் வாங்கியிருக்க முடியாது என்பது மட்டும் நிச்சயம். பை நிறையக் காசு இருந்தால் அவற்றில் மிகவும் புதியது எது என்று பாருங்கள். அவர் கடைசியாக அங்கே இருந்த காலத்துக்கு அதுவே நல்ல துப்பு.

வளைகுடாவில் இருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள், ஆனால் 1950களின் வளைகுடாக் காசு ஒன்றுகூட இருக்காது. அதற்காக அந்தக் கதை பொய் என்று ஆகிவிடாது. அந்தக் காலத்தில் குவைத்திலும் பஹ்ரைனிலும் கத்தாரிலும் துபாயிலும் இந்திய ரூபாயே செல்லுபடி. 1959இல் ரிசர்வ் வங்கி அந்தப் பகுதிக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சிட்டது. குவைத் 1961இலும், பஹ்ரைன் 1965இலும், கத்தாரும் துபாயும் 1966இலும்தான் சொந்தக் காசுக்கு மாறின. அப்படிப்பட்டவர் பையில் நம் ரூபாயும் அணாவும்தான் இருந்திருக்கும்.

ஒவ்வொரு காசுக்கும் ஒரு சின்னக் காகித உறை போடுங்கள். நாடு, காசில் உள்ள எண் அப்படியே, மாற்றிய ஆண்டு, எடை, விட்டம், இது யார் கொண்டுவந்தது என்று வீட்டில் சொல்கிறார்கள், சொன்னவர் யார். கடைசி இரண்டும் எந்தக் கேடலாக்கிலும் கிடைக்காது. அத்தையோ பெரியம்மாவோ இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். வழவழப்பான பிளாஸ்டிக் கவரில் வைக்க வேண்டாம், பி.வி.சி. கவர் நாளடைவில் செப்புக் காசில் பச்சைப் பிசினை ஏற்றிவிடும்.

விலையைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். 1970களுக்குப் பிந்தைய வளைகுடாச் சில்லறையில் பெரும்பாலானவை சந்தையில் மிகச் சொற்ப விலைக்கே போகும். வெள்ளிக் காசுக்கு வெள்ளி விலையாவது உண்டு. இணையத்தில் லட்சக்கணக்கில் விலை போட்டிருப்பதைப் பார்த்து யாருக்கும் முன்பணம் கட்டாதீர்கள். வாங்குகிறேன் என்று சொல்லிப் பதிவுக் கட்டணம் கேட்பவர் காசு வாங்க வந்தவர் இல்லை.

நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் தொல்பொருள் கணக்கில் வரும். அதை அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, இணையத்தில் விற்றுத் தபாலில் போடுவதும் அதில் அடங்கும். இந்தக் கணக்கில்தான் நீங்கள் மாற்றிய ஆண்டு சரியாக இருக்க வேண்டியது அவசியமாகிறது. பெட்டியில் இல்லாமல் அஸ்திவாரம் தோண்டும்போதோ வயலில் உழும்போதோ கிடைத்தது என்றால் அது வேறு வழக்கு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் தாசில்தார் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.